பெயரின் குறுக்கே ஒரு கோடு

இன்று காலை அந்தப் பழைய வேர்டு கோப்பைத் திறந்தேன். ஒரு பெயரின் குறுக்கே ஓடும் மெல்லிய கோடு அப்படியே இருந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அப்போதுதான் பளிச்சென்று பட்டது.

கோப்பு, அயனம்பாக்கத்தில் எங்கள் நலச்சங்கச் செயலாளர் அக்காவுடையது. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல். யாராவது கொடுத்துவிட்டால் அவர் பெயரின் குறுக்கே கோடு போடுவார்; சில மாதம் கழித்துக் கோட்டை எடுத்துவிடுவார். எந்தப் பெயரையும் நீக்கியதில்லை. இறந்துபோன தன் கணவரின் பெயர்கூடக் கோட்டோடு அங்கேயே இருந்தது. "ஆளு பூட்டாரு, பேரு இன்னா பண்ணுச்சு? கெடக்கட்டும் பாப்பா" என்பார்.

சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்தே தீருவது என்று நான் துடித்துக்கொண்டிருந்த நேரம். கோப்பை வலைப்பக்கமாக மாற்ற ஐந்தே நிமிடம் ஆனது. பெயர், எண், ரத்த வகை எல்லாம் அழகாக வந்து உட்கார்ந்தன. கோடுகள் மட்டும் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஏது பொறுமை?

மறுவாரம் அக்கா வீட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் வைத்திருக்கும் கணவரின் செல்பேசி அடித்தது. அண்ணனூரிலிருந்து ஓர் இளைஞர். மனைவிக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும்.

"சார் இருக்காருங்களா? உங்க வெப்சைட்லதான் நம்பர் எடுத்தேன். ரெண்டு பேர் இப்பதான் கொடுத்தோம்னுட்டாங்க."

"அவரு இல்லப்பா. ஆஸ்பத்திரி பேரு சொல்லு, ஆள அனுப்பறேன்."

அக்கா செல்பேசியை வைத்துவிட்டு என் திரையைப் பார்த்தார். "கோடெல்லாம் எங்க பாப்பா?" அவ்வளவுதான் கேட்டார். பிறகு தன் கோப்பைத் திறந்து, அதே ரத்த வகையில் கோடில்லாத ஒரே பெயரைப் பிடித்தார். கோவில்பதாகை ஊர்க்காரர் ஒருவர். அவரை அழைத்தார்.

"அண்ணாத்தே, ஊட்லதான கீற? ஒரு பொண்ணுக்கு ரத்தம் வேணும், கெளம்பு."

"சோறு துன்னுகினு கீறேம்மா."

"நல்லதாப் போச்சு, துன்னுட்டே போ. ஆனா சீக்கிரம் துன்னு."

அவர் நேரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். நான் அன்றே பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது புதிதாக ஒன்று செய்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம்: 'கொடுக்கலாம்', 'இப்போது வேண்டாம்'. கோடு உதிர்ந்தாலும் வார்த்தை உதிராது. ஒரே ஒரு கட்டம்தான் இன்னும் காலி. கோப்பில் அக்காவின் கணவர் பெயரின் குறுக்கே கோடு கிடக்கிறது. அதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. சாயங்காலம் அக்காவோடு உட்கார்ந்து, கோப்பையும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்கப் போகிறேன். அந்த இடம் வரும்போது அவர் என்ன சொல்கிறாரோ, அதைத் தட்டச்சு செய்வேன்.