தொடைக்கடியில் இருந்த கை

பாரிசவாதத்தில் என் வலக்கை செயலிழந்த நாளிலிருந்து ஊட்டிவிட்ட மனைவி, இன்று சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைத்தாள். சூரை மீன் ஆணத்தின் வாசம் வந்ததுமே என் இடக்கை தானாகப் போய்த் தொடைக்கடியில் ஒளிந்துகொண்டது.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். சாய்ந்தமருது வீட்டில் சாப்பிடப் பாயில் உட்கார்ந்தால், உம்மா அந்தக் கையைப் பிடித்து என் தொடைக்கடியில் செருகிவிடுவார்.

"சோத்துக்கையால தின்னுங்க மகன். கலியாண வீட்டுல ஒரே சஹன் தட்டுல நாலு பேரோட இருந்து தின்னக்குள்ள இந்தக் கையப் போட்டா, ஆரு உங்களோட இருப்பாங்க?"

வலக்கையில் எடுத்த சோறு வாய்க்கு வருமுன் மடியில் சிந்தும். உம்மா மறுபடி பிசையச் சொல்வார். எப்போது பழகினேன் என்று நினைவில்லை.

"கைய வெளிய எடுங்க," என்றாள் மனைவி. "ஏலாதவங்களுக்குக் குத்தமில்ல. எந்த வயசிலயும் மூளை புதுசாப் படிக்குமாம், டொக்டர் சொன்னாரே."

புதிதாகவா? இடக்கை ஒரு பருக்கை சிந்தாமல் கவளத்தை உருட்டி எடுத்தது. இத்தனை வருடமும் தொடைக்கடியில் இருந்த கை இதை எங்கே படித்தது?

கவளம் வாயருகே வந்தபோது, மரத்துக் கிடந்த வலக்கையில் ஒரு விரல் துடித்தது.

"இஞ்சாருங்க, விரல் அசையிது! அல்ஹம்துலில்லாஹ்!" மனைவி அழுதேவிட்டாள்.

எனக்குத்தான் குழப்பம். அந்த விரல் குணமாகிறதா, இல்லை உம்மாவின் பேச்சைக் கேட்டு என்னைத் தடுக்கிறதா?

கவளத்தை வாயருகே பிடித்தபடியே இருந்தேன்.