துருக்கைக்குக் கிடைத்த பின்னறை

அந்த வீட்டில் இரும்புக்கு ஒரு விரோதி இருந்தாள். துருக்கை என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். சிலருக்கு வியர்வையே அப்படி. அவள் தொட்ட இரும்பு மூன்றாம் நாள் பழுப்பேறும். விரல் தடங்கள் அச்சில் வார்த்தது போலத் தெரியும். தையல்காரியான அம்மா கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அண்ணன் தன் சைக்கிளுக்குக் காவல் இருந்தான். ஏனென்றால் அவனோடு சண்டை வந்தால் துருக்கை அடிக்க மாட்டாள், கிள்ள மாட்டாள். சைக்கிள் மணியைக் கால் மணி நேரம் ஆசையாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான்.

ஏறிய துருவை அவளே எடுக்க வேண்டும் என்பது தண்டனை. எடுத்து எடுத்தே கைதேர்ந்துவிட்டாள்.

நாற்பது வயதில் அது வேலைக்கு உதவியது. பழைய டிரம்ஸ்களைச் சுத்தம் செய்ய இசைக்கருவிக் கடை முதலாளி ஆள் தேடினார்.

"ஒரு செட்டு தர்றேன். ஒழுங்கா முடிஞ்சா பின்னறை உனக்கு. சொதப்பினா வீட்டுக்குப் போயிடணும்."

அந்தப் பின்னறைமேல் அவளுக்கு உயிர். சன்னலோரம் நீள மேசை, தண்ணீர்க் குழாய், உள்ளே தாழ்ப்பாள். வீட்டில் அவளுக்கென்று ஓர் இழுப்பறைகூடக் கிடையாது.

வந்த செட்டு ஒரு மூத்த டிரம்ஸ்காரருடையது. தோலை இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்டுகள் மட்டும் நாற்பத்தெட்டு. எது எங்கிருந்து வந்தது என்று எண் போட்ட முட்டை அட்டையில் ஒவ்வொன்றையும் குத்தி வைத்தாள். பழகிய இடத்தை விட்டு மாற்றிப் போட்டால் முரண்டு பிடிக்கும். வினிகரில் அரை நாள் ஊறல், அதற்குமேல் விட்டால் துருவோடு முலாமும் போய்விடும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கிப் புளிப்பை முறித்தாள். பளபளக்கும் வளையங்களுக்கு வினிகரைக் கண்ணிலேயே காட்டவில்லை. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, பூனையைத் தடவுவது போலத் தேய்த்தாள். ஈரம் போக உலர்த்தி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய், வெளியே மெழுகு. அத்தனையும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு.

கொடுக்கும்போது சொன்னாள்: "வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சிடுங்க ஐயா."

"எனக்கே பாடமா?" என்று வாங்கிப் போனார்.

இதற்குள் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டான். "என் தங்கச்சி தொட்டா இரும்பே துருப்பிடிக்கும். அவளே துரு எடுக்கறா. எப்படி?" பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் அந்த டிரம்ஸ்காரர்.

இரண்டு வாரத்தில் அவர் கடைக்கு வந்து அந்தச் செட்டில் இருந்த ஒரு ஸ்டாண்டை மேசைமேல் வைத்தார். தண்டின் ஒரு பக்கம் பழுப்பு விரல்கள் நான்கு, மறுபக்கம் ஒரு கட்டைவிரல்.

"தொட்டா துரு புடிக்கற பொண்ணுகிட்ட கொடுத்திருக்கீங்க. அவ அண்ணனே சொல்றான்."

முதலாளி அவளைப் பார்த்தார். "நிஜமா?"

"நிஜந்தான். அதுக்குத்தான் கையுறை," என்றாள். ஸ்டாண்டைத் திருப்பிப் பார்த்தாள். "இங்க இருந்த மெழுகு எங்க ஐயா?"

"பிசுபிசுன்னு இருந்துச்சு. துடைச்சு எடுத்துட்டேன்."

துருக்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முலாம் பூசாத மூன்று புது போல்ட்டுகளைத் துடைத்து எடுத்து வந்தாள். "ஆளுக்கொண்ணு கால் மணி நேரம் பிடிப்போம். முதலாளியும்."

"நான் எதுக்கு?"

"நடுவர் சும்மா நிக்கக்கூடாது."

மூன்று பேரும் குச்சிமிட்டாய் பிடித்த பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போல்ட்டுகளில் பெயர்ச்சீட்டு கட்டி, ஈரத்துணி விரித்த டப்பாவில் போட்டு, முதலாளி தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மூன்றாம் நாள் திறந்தார்கள். முதலாளியின் போல்ட்டு பளபளத்தது. அவளுடையது தேநீர் நிறம். டிரம்ஸ்காரருடையது கெட்டிக் காப்பி.

"நான்தான் ஊர்லயே ஒருத்தின்னு நெனச்சிருந்தேன்," என்றாள் துருக்கை. "என்னையே மிஞ்சிட்டீங்களே ஐயா."

அவர் ஸ்டாண்டிலிருந்த தடத்தின்மேல் தன் கட்டைவிரலை மெதுவாக வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பின்னறையில இருக்கற அட்டைப்பெட்டியெல்லாம் இன்னிக்கே காலி பண்ணச் சொல்றேன். நாளையிலேருந்து நீ அங்க உக்காரலாம்," என்றார்.

மறுநாள் அந்த அறைக்கு முதல் ஆளாக ஓர் அம்மாள் வந்தார், டிரம்ஸ்காரரின் மனைவி.

"நான் ஈரத்துணி காயப்போட்டுத்தான் டிரம்ஸ் துருப்பிடிக்குதாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பேச்சு. அவர் புடிச்ச போல்ட்டைத் தர்றியாம்மா?"

"தர்றேங்க. சுத்தம் பண்ணித் தரட்டுமா?"

"ஐயையோ, வேணாம். அந்தத் துரு அழியாம இருக்க என்ன பூசணும்?"

துருக்கை இதுவரை துருவைக் காப்பாற்றியதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறமில்லாத வார்னிஷ் புட்டியைத் திறந்தாள்.

"ரெண்டு பூச்சு போதும். எங்க வைக்கப்போறீங்க?"

"அவர் சாப்பிட உக்கார்ற இடத்துக்கு நேரெதிரே."