ஆடாமல் போன அரையிறுதி

சுந்தரவல்லி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக பி.டி. டீச்சர். கணக்குக்கோ அறிவியலுக்கோ பாடம் முடியவில்லை என்றால் அவளுடைய பீரியடைத்தான் கேட்டு வாங்குவார்கள். கொடுத்துவிடுவாள். பழகிவிட்டது.

இந்த வருஷம் த்ரோபால் அணி நன்றாக அமைந்தது. ஏழே பேர்தான், மாற்று ஆள் கிடையாது. இருந்தும் வட்டாரப் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். கேப்டன் ஆஃப்ரீன் வீசும் பந்தைப் பிடிக்க எதிரணிப் பெண்கள் தடுமாறுவார்கள்.

போட்டியன்று காலை கேட்டில் ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றார்.

"பத்தாவது பிள்ளைங்க ரெண்டு பேரும் போகக் கூடாது. ஸ்பெஷல் டெஸ்ட் இருக்கு."

"மேடம், நாளைக்கு நானே உட்கார வச்சு எழுத வைக்கிறேன். ஆஃப்ரீனும் தாரணியும் இல்லாம டீமே கிடையாது."

"மார்க் குறைஞ்சா பேரண்ட்ஸ் உங்களையா கேட்பாங்க?"

ஜெர்ஸியோடு நின்ற ஆஃப்ரீன், "மிஸ், நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள். சுந்தரவல்லியால் அவள் தோளைத் தட்டி வகுப்புக்கு அனுப்பத்தான் முடிந்தது.

மீதி ஐந்து பேரோடு கோட்டூர்புரம் மைதானத்துக்குப் போனாள். ஆட விடுவார்களோ என்று ஒரு நப்பாசை. நடுவர் ஆட்களை எண்ணினார்.

"ஏழு பேர் வேணும்மா. நான் இன்னா பண்ண முடியும்?"

எதிரணி ஆடாமலே இறுதிப் போட்டிக்குப் போனது. நடுவர் நீட்டிய முடிவுத் தாளில் சுந்தரவல்லி கையெழுத்துப் போட்டாள்.

எட்டாவது படிக்கும் தூபா பக்கத்தில் வந்து, "மிஸ், நாம தோத்துட்டோமா?" என்று கேட்டாள்.

"ஆடவே இல்லையேம்மா."

சொல்லிவிட்டு, பிள்ளைகள் பார்க்காதபடி குழாய்ப் பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.