நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்

பாண்டி போட்டுக் கொடுத்த ஸ்பீக்கர் வயரில் ஒரு குறையும் இல்லை. என் இடது காதில்தான் குறை. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. கலப்பட வயர் விற்பவன் என்ற பெயரோடு அவனை அருப்புக்கோட்டையில் நடமாட விட்டேன்.

முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

என் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். நான் நூல் மில்லில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, அருப்புக்கோட்டையில் வீடு கட்டினேன். பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை ஒதுக்கி, ஆம்ப்ளிஃபையரும் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வைத்தேன். எங்கள் வம்சத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இன்னும் முழுதாகப் போகவில்லை.

புதிதாக செட் வாங்குகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். "அண்ணே, ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். நான் கண்ணை மூடிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வேன். அதற்கு மறுபேச்சு இருக்காது.

பாண்டி என்னோடு பள்ளியில் படித்தவன். எலக்ட்ரிக் கடை வைத்து வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தான். எந்த வயர் போடலாம் என்று அவனிடம்தான் கேட்டேன். தடித்த செம்பு வயர் ஒன்றை எடுத்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே நீளமாக வெட்டி, அவனே வந்து மாட்டினான்.

"ஏலே, சுத்தமான செம்பு இது. இதுக்கு மேல வயருக்குக் காசக் கொட்டாத" என்றான்.

கொஞ்ச நாளில் இடது பெட்டி மங்கலாகக் கேட்பதைக் கவனித்தேன். ஜால்ரா சத்தமும் சலங்கையும் வலது பெட்டியில் துல்லியமாக இருந்தன. இடதில் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தன. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, செம்பென்றே விற்கிறார்கள் என்று போனில் படித்திருந்தேன். படித்தது நேராகப் பாண்டி மேல் போய் ஒட்டிக்கொண்டது.

கூப்பிட்டதும் வந்தான். என் கண் முன்னால் வயரின் இரண்டு நுனியையும் பிளேடால் சுரண்டிக் காட்டினான். சுரண்டச் சுரண்டச் சிவப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நுனி சரிதான். நடுவுல என்ன இருக்கோ."

இதைச் சொன்ன வாய்தான் இன்று உங்களிடம் பேசுகிறது. அவன் பிளேடை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதோடு நின்றேனா? டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "பாண்டி என் தலையில அலுமினியத்தைக் கட்டிட்டான்" என்றேன். மல்லாங்கிணற்றில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வயரிங் முழுவதையும் பாண்டிக்குக் கொடுப்பதாக அவர் வாக்குச் சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்... வயரிங் வேலை விருதுநகர்க்காரர் ஒருவருக்குப் போனது. அதன் பிறகு மற்றவர்களும் பாண்டியைக் கூப்பிடத் தயங்கினார்கள்.

நான் ஆன்லைனில் நைலான் பின்னல் போட்ட விலை கூடிய வயர் ஒன்றை வரவழைத்து மாட்டினேன். மங்கல் போகவில்லை. ஆனாலும் டீக்கடையில், "வயரை மாத்துனேன், கண்ணாடி மாதிரி கேக்குது" என்று சொன்னேன். தீர்ப்புச் சொல்பவன் தோற்கலாமா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இந்தப் பக்கம் நின்னு எத்தன தடவ கூப்பிடுறது? அந்தப் பக்கம் வந்தாத்தான் திரும்புறீக."

அவள் அடுப்படிக்குப் போனதும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அதுவரை துல்லியமாகப் பாடிய பெட்டி மங்கியது. மங்கிய பெட்டி துலங்கியது.

வயரும் பெட்டியும் இருந்த இடத்தில்தான் இருந்தன. திரும்பியது நான் மட்டும்தான்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். வெளியில் வந்தாலும் அதே பழக்கம்தான். காதடைப்பான் கொடுத்தார்கள், நான் போடவில்லை. மதுரையில் டாக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் குறைந்திருக்கிறது, இடது ரொம்பவே குறைந்திருக்கிறது என்றார். வீட்டிலும் மில்லிலும் பல்வலிக்குப் போனதாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு பொங்கல் போய் இன்னொரு பொங்கலும் போனது. நான் பேசவில்லை. வெட்கம்தான், வேறென்ன? இனி யார் என்னைக் கேட்டுச் சொல்லக் கூப்பிடுவார்கள் என்ற பயம்... அதற்காக ஒருவன் பிழைப்பைக் கெடுத்தேன்.

பாண்டி கடையை மூடினான். ஒருநாள் காலையில் தோளில் பையோடு அவன் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தேன். அந்த விருதுநகர்க்காரரிடமே கூலிக்குப் போகிறானாம். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்லே" என்றான்.

"எப்படி?"

"வயரு மாட்டுன அன்னைக்கே. ஒன் இடது பக்கம் நின்னு கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. வலது பக்கம் வந்தேன், சொன்ன."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"ஒனக்குக் காது கேக்கலன்னு நான் போய் டீக்கடையில சொல்லவா?"

அவன் எழுந்து உள்ளே போகும்போது சொன்னான்: "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? சொன்ன எடத்துல போய்ச் சொல்லு."

போனேன். அதே டீக்கடை. மல்லாங்கிணற்றுக்காரரும் இருந்தார். காது விஷயத்தையும் நாற்காலி விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மற்றவர்களிடம் சொன்னார்: "கூட்டாளி பொழப்புக்காகத் தனக்கே காது கேக்கலங்குறாரு பாருங்க. பெரிய மனசு."

பொய்யைச் சொன்னபோது உடனே நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது என்னைப் புகழ்கிறார்கள்! அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். மறுத்திருக்க வேண்டும்... அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஆனால் விடுவதாக இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி காதில் கருவி மாட்டிக்கொண்டேன். கழற்றி வைத்திருந்த பாண்டியின் வயரை நட்ட நடுவில் வெட்டிச் சுரண்டினேன். அங்கும் சிவப்புதான். அதில் ஒரு துண்டும் பிளேடும் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. நம்பும் வரை ஒவ்வொருவரிடமும் காட்டுவேன். மல்லாங்கிணற்று வீட்டு வாசலுக்கே போய்க் காட்டுவது என்று நேற்றுக் காலை பஸ் ஏறினேன்.

கடைசி நீள சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாண்டியும் அதே பஸ்ஸில் ஏறினான். வேறு சீட்டு இல்லை. என் வலது பக்கம் காலியாக இருந்தது, இடது பக்கமும் காலியாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் முழங்காலைத் தாண்டிப் போய், கருவி மாட்டியும் எனக்குப் பேச்சு பிடிபடாத இடது பக்கம் உட்கார்ந்தான்.