அறுவதற்கு முன்னால் ஒரு பெல்ட்

நின்றுபோன வண்டியை ஓட வைத்துவிடலாம். ஓடுகிற வண்டியைப் பிரிக்க ஒருவரிடம் சம்மதம் வாங்குவதற்குள் எங்களுக்குப் பிராணன் போய்விடும். வலிக்காத பல்லைக் காட்டச் சொல்லும் பல் டாக்டர்களுக்கும், ஒழுகாத கூரையைப் பார்க்கச் சொல்லும் கொத்தனார்களுக்கும் என் பாடு புரியும்.

ஓடுகிற வண்டி

2007 வாக்கில் கடலூர் செம்மண்டலத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் நடத்தும் குணசேகரன் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஓடியாடும் மனுஷனுக்குச் சொந்தமாக இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். நடுரோட்டில் ஒரு தடவை நின்றாலும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று அவர் மனைவி கறாராகச் சொல்லியிருந்தார்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்ஜினுக்குள் மேலும் கீழும் போகிற பாகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிற ரப்பர் பட்டை அது. ஓடும்போது அறுந்தால் இன்ஜின் காலி. இந்த வண்டிக்கு வேறு இன்ஜினும் கிடைக்காது. இவ்வளவையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான மாமா ஓடுது, அத எதுக்குக் கெளறணும்?"

டைமிங்

மனசு கேட்காமல் கொஞ்ச நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். "டைமிங் விஷயம்மா. தள்ளிப்போட்டா ஆபத்து, ஒடனே மாத்தணும்னு சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாள் பதறிப்போய் சரி என்றார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வாரம் வண்டி வந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, கண்ணாடியில் விபூதிப் பட்டை. பெல்ட் மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று நான் ஸ்பேனரை எடுத்தால், குணசேகரன் தடுத்துவிட்டார். "டைமிங்கத்தான் அன்னிக்கே ஜோசியரக் கேட்டு மாத்தியாச்சே மாமா. இப்பல்லாம் ராகு காலத்துல வண்டிய எடுக்கறதே இல்ல."

லாரிக்கார மச்சான்

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அவர் பாதி இறங்கி வந்த நேரம் பார்த்து, பண்ருட்டியில் முந்திரி லோடு அடிக்கும் அவருடைய மச்சான் வந்து சேர்ந்தார். அவர் லாரியில் பல்சக்கரம்தான், பெல்ட் கிடையாது. அது வேறு இன்ஜின், இது வேறு இன்ஜின் என்று தொண்டை வற்றக் கத்தினேன். மச்சான் என்னைப் பார்க்கவேயில்லை, குணசேகரனிடம்தான் கேட்டார். "நம்ம லாரில இல்லாத சாமான எப்படி மச்சான் இவுரு மாத்துவாரு?"

பிரித்தபோது

கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த ஜோசியர்தான். வண்டியில் ஏதாவது இரும்பு வேலை பார்த்தால் மிச்ச தோஷமும் கழிந்துவிடும் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே வண்டி என்னிடம் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு பிரித்தேன்.

பெல்ட் புத்தம் புதிதாக இருந்தது. வெள்ளைக்காரர் விற்பதற்கு முன் மாற்றியிருக்கிறார். எனக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அதே பெல்ட் சுற்றிவிடுகிற தண்ணீர் பம்ப்பைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. அது இறுகி நின்றிருந்தால் புது பெல்ட்டும் அறுந்து, இன்ஜின் பழைய இரும்புதான். மெட்ராஸிலிருந்து பம்ப் வரவழைத்துப் போட்டேன். பிழைத்தது உங்கள் வண்டி என்று சொல்லி, பழைய பம்ப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். அதை ஆட்டிப் பார்த்தார், பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். "பெல்ட்டு பெல்ட்டுன்னு உயிர எடுத்தீங்களே மாமா, பம்ப்ப பத்தி ஒரு வார்த்த சொன்னீங்களா?"

நான் கடையைக் கட்டிய 2012 வரை அந்தச் சிவப்பு வண்டி ஒரு தடவைகூட நடுரோட்டில் நிற்கவில்லை என்பதைத்தான், நான் வேண்டாத வேலை பார்த்ததற்கு ஆதாரமாக அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.