எட்டு நாள் விலக்கு

இரண்டாவது மகள் பிறந்த ஏழாம் மாதம் அரசு ஆஸ்பத்திரியில் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். மூத்தவளுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சாப்பிட்டுப் பார்த்து, தலைவலியும் குமட்டலுமாகப் படுத்தே கிடந்தவள் நான். இதில் ஹார்மோன் கிடையாது, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, வேண்டும்போது எடுத்துவிடலாம் என்றார் நர்சம்மா. முதல் சில மாதம் மட்டும் ரத்தப்போக்கு ஜாஸ்தியாக இருக்குமாம். என் கணவருக்கும் சம்மதம்தான். தன் அம்மாவிடம் சொல்லத்தான் ஐயாவுக்குத் தைரியம் வரவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் டிபன் கடை, பின்னால் வீடு. மாதவிலக்கென்றால் மூன்று நாள் நான் அடுப்பைத் தொடக்கூடாது, கடைப்பக்கம் தலைகாட்டக்கூடாது. பின்கட்டில் ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர். மலை சுற்றுகிறவர்கள் சாப்பிடுகிற இடமாம், தீட்டு ஆகாதாம். ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காப்பர்-டி போட்டதும் மூன்று நாள் எட்டு நாளாயிற்று. அதில்தான் மாட்டிக்கொண்டேன். என் தட்டு எப்போது கழுவி உள்ளே போகிறது என்று மாமியார்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தாரே! இரண்டாம் மாதமே மகனை மடக்கினார். அவரும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. பேரன் வேண்டாமா, மாசத்தில் எட்டு நாள் தீட்டோடு இருந்தால் குடும்பம் விளங்குமா. பௌர்ணமிக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அதை எடுத்துவிடுவதென்று அம்மாவும் மகனும் முடிவு செய்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றது நான், ரத்தம் போவது எனக்கு, முடிவு மட்டும் அவர்களுடையதா?

அந்தப் பௌர்ணமி எனக்கு ஐந்தாம் நாள். கடையில் சம்பளத்துக்குத் தோசை போடுகிற அம்மா காய்ச்சலென்று வரவில்லை. மத்தியானமே கூட்டம் சேர்ந்துவிட்டது. மாமியார் ஒற்றை ஆளாகத் திண்டாடுவது பின்கட்டு வரை கேட்டது. நான்கு மணி வாக்கில் என் எதிரில் வந்து நின்றார்.

"தலைக்கு ஊத்திக்கினு வந்து தோசைக்கல்லாண்ட நில்லு. யாரு கேக்கப் போறாங்க?"

ஏழு வருஷமாக என்னை மூலையில் உட்கார வைத்த தீட்டு, நாலு சொம்புத் தண்ணீரில் போய்விடுமா? குளித்தேன். ராத்திரி கூட்டம் குறையும் வரை தோசை ஊற்றினேன். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. நாப்கின் மாற்ற மூன்று தடவை உள்ளே ஓடினேன். நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்கள் இன்னொன்று போடுங்க என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை என்னை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார் மாமியார். கணவர் பைக்கை வெளியே தள்ளி வைத்திருந்தார். நான் பின்கட்டுக்குப் போய் என் தட்டையும் டம்ளரையும் எடுத்து வந்தேன். கடைப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கினேன்.

"நேத்து தோசை ஊத்தறப்ப இல்லாத தீட்டு, இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு அத்தை? அந்தக் காப்பர்-டி உள்ளயே இருக்கட்டும். நான் எடுக்க மாட்டேன்."

என் கணவர் அம்மா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பைக்கைத் திரும்ப உள்ளே தள்ளினார். இட்லி கேட்டு முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன்.