ஏகாம்பரம் அண்ணன் வெட்டியது சரியான அளவு

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார் என்று மெக்கானிக் பாபு போனில் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "காலைல கடை திறக்க வந்தாராம்ணே. ஷட்டர தூக்கினவரு அப்படியே உக்காந்துட்டாரு" என்றான். வாயில் நுரையோடு ஏதோ சொன்னேன். துக்கம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு விநாடி எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இனி எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற நிம்மதி. அந்த ஒரு விநாடிதான் என்னை இதை எழுத வைக்கிறது.

அவருடைய படத்திறப்பன்று கொடுப்பதற்குச் செங்கம் சாலைக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் என்றார்கள். நான் பத்தாவதில் கணக்குப் பரீட்சையோடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வெல்டிங் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டுக் கேட்டு, ஜன்னல் கம்பி, கடை போர்டு எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. நான் சொல்லவேண்டியது என் வண்டியின் சைடு ஸ்டாண்டைப் பற்றி.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் பரத், புது வண்டி வாங்கியதும் பழையதை எனக்கு அனுப்பி வைத்தான். வண்டி உயரமானது. அப்பா உயரமில்லாதவர். ஏறி உட்கார்ந்தால் என் கால்விரல்கள் தரையைத் தேடும். வீடியோ காலில், "கால் எட்டுதாப்பா?" என்று கேட்டான். "எட்டி மீதியே இருக்குதுடா" என்றேன். மறுநாளே பாபுவிடம் கொடுத்து, பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியை இறக்கினேன். வண்டி இறங்கியது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. நிறுத்தினால் வண்டி போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நிற்கும். ஒரு பஸ் கடந்து போனால் அந்தக் காற்றுக்கு வலப்பக்கம் விழும்.

ஸ்டாண்டைக் குறைக்க அண்ணனிடம் போனேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டிய குள்ளமாக்கிட்டியா மணி? நல்ல வேலை பண்ண. உன்ன ஒசத்தறதுக்கு எங்கிட்ட மிஷின் இல்ல." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் விளையாட்டு கிடையாது. டேப்பை மட்டும் நம்ப மாட்டார். என்னை வண்டிமேல் உட்கார வைத்தார், இறங்கச் சொன்னார், மறுபடி உட்கார வைத்தார். ஸ்டாண்டில் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் வெட்டினார். "முதல்ல கம்மியா வெட்டணும். வெட்டின இரும்பு வளராது" என்றார். நிறுத்திப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு நகக்கண் அளவு எடுத்தார். அடியில் தகடு வைத்துப் பற்றவைத்தபின் வண்டியை இடப்பக்கமிருந்து கையால் தள்ளினார். அசைந்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தது. "வண்டின்னா சாயணும். கண்ணுக்கு நேரா நிக்குதேன்னு ஆசப்படாத. அது விழறதுக்கு ரெடியா இருக்குதுன்னு அர்த்தம்."

நான் ஆசைப்பட்டேன். காரணம் என் பார்க்கிங். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களின் வண்டிகளை, ரமணாசிரமம் தாண்டி இருக்கும் என் மாமனார் மனையில் கயிறு கட்டி நிறுத்துவேன். அன்று ஒரு கை இடம்கூட வீணாகக் கூடாது. எல்லாரையும் நெருக்கி, நிமிர்த்தி நிறுத்தச் சொல்லுவேன். மாதிரிக்கு என் வண்டியை வரிசையின் முதலில் வைப்பேன். ஸ்டாண்டு வெட்டியபின் வந்த பௌர்ணமியில் ஒருவர், "முதல்ல உன் வண்டிய நிமித்துய்யா" என்றுவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசையால் ஸ்டாண்டின் தகட்டுக்கு அடியில் ஒட்டினேன். வண்டி நிமிர்ந்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் என் வண்டி வலப்பக்கம் சரிந்தது. பக்கத்து வண்டி, அதற்குப் பக்கத்து வண்டி என்று ஒன்பது வண்டிகள் வரிசையாகப் படுத்தன. கண்ணாடிகள் உடைந்தன. ஆற்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். சுற்றிலும் கூட்டம், நம் தெரு ஆட்கள் உட்பட. அப்போது என் வாய் சொன்னது: "நான் இன்னாங்க பண்றது? வெல்டிங் ஏகாம்பரம் வெட்டின ஸ்டாண்டு இது. அளவு தெரியாம வெட்டிட்டாரு."

கிரிவலம் புறப்பட்டு வந்த அண்ணன், செருப்பில்லாத காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு, அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்.

அவர் வந்து குனிந்தார். ஸ்டாண்டின் அடியில் இருந்த ரப்பரைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். ரப்பரைப் பிய்த்துத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "ஆமாங்க, என் வேலதான். தப்பாயிடுச்சு. அவர உடுங்க" என்றார். பிறகு ஒன்பது வண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினார். நான் கூடப்போய்ப் பிடித்தேன், பிடிப்பது மாதிரி.

கூட்டம் கலைந்ததும், "அண்ணே..." என்று இழுத்தேன். "உண்மையச் சொல்லியிருந்தா உன்ன இங்கயே அடிச்சிருப்பானுங்க. சூடு ஆறட்டும். நாலு நாள் கழிச்சு நம்ப தெருவுல நாலு பேருகிட்ட நீயே சொல்லிடு. இன்னா?" என்றார். "சொல்லிடறேண்ணே" என்றேன். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அந்த நாலு நாள் எட்டு மாதமானது.

இடையில் வண்டி வேலை அவர் கடைக்கு வருவது நின்றது. ஒருநாள் டீக்கடையில் பால்காரர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே, "அண்ணே, எங்கூட்டு கேட்ட வேணா பாருங்க. வண்டிகிட்ட மட்டும் வந்துடாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். கையில் டீ கிளாஸோடு நானும் சிரித்தேன். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். என் சிரிப்புச் சத்தம் உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

ஒருமுறை தைரியம் பண்ணிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனேன். "இன்னா மணி?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும் என்றேன். எங்கள் மாடிப்படிக்கு ஏற்கெனவே கைப்பிடி இருக்கிறது, அவர் போட்டதுதான். "வேற இன்னாவாவது சொல்லணுமா?" என்றார். "இல்லண்ணே" என்றேன். கிரைண்டரை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே ஆரம்பித்தார். "தம்பி, அந்த ஸ்டாண்டு விஷயத்த மனசுல வெச்சிக்காதீங்க. உங்களுக்கு எல்லார் முன்னாடியும் தலகுனிவா பூடுச்சு. கணக்கு தவறிடுச்சுன்னு எங்கிட்டயும் சொன்னாரு." தன் வீட்டில்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணியிடம் சொன்னேன். செருப்பு, பசை, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் முந்தானையால் நாற்காலியின் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? முப்பது வருஷத் தொழில்ல இப்படி பேரக் கெடுத்துக்கினியேன்னு அவர நான் கேக்காத கேள்வியில்ல. ஒரு வார்த்த பதில் பேசாம சாப்ட்டு எழுந்து போவாரு."

தெருவில் உள்ள எல்லாருக்கும் இப்போது சொல்கிறேன். அந்த ஸ்டாண்டை ஏகாம்பரம் அண்ணன் சரியாகத்தான் வெட்டினார். அதைக் கெடுத்தவன் நான். அவரைப் பற்றி நல்ல நினைவுகளை நீங்கள் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், நிறைய இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் வாங்கிய திட்டு மட்டும் என்னிடம் இருக்கட்டும். அது எனக்கு வரவேண்டியது.